ஒரே பச்சை விளக்கு

செல்போன் கோபுரங்கள் செயலிழந்த வெள்ள நாளில், பத்திரிகைக்குச் செய்தி சொல்ல டெலிபோன் எக்சேஞ்சுக்குப் போனேன். எக்சேஞ்சை இயக்க இரண்டு மின்னணுக் கார்டுகள் உண்டு. ஓடுகிற கார்டு நின்றால் மற்றது உடனே பொறுப்பேற்கும். அன்று காத்திருக்க வேண்டிய கார்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. டெக்னீஷியன் கையில் மாற்றுக் கார்டு இருந்தது.

"ஒத்தக் கால்ல எம்புட்டு நேரம் நிக்கும் மேடம்? சொருகிருதேன்."

"பைய, அண்ணாச்சி. சொருகுறப்ப ஓடுறதும் சேந்து படுத்துட்டுன்னா?" என்றார் பொறியாளர். "சீவலப்பேரி வி.ஏ.ஓ. லைன்ல இருக்காரு. படகு அனுப்ப வேண்டிய வீடுகளத் தாலுகா ஆபீசுக்குச் சொல்லுதாரு. முடிக்கட்டும்."

டெக்னீஷியனின் வீடும் சீவலப்பேரியில்தான்.

"அதுக்குள்ள இதுவும் போயிட்டுன்னா?"

மூவரும் மிச்சமிருந்த பச்சை விளக்கையே பார்த்து நின்றோம். அழைப்பு முடிந்ததும் பொறியாளர் தலையசைத்தார். டெக்னீஷியன் பழுதான கார்டை உருவிவிட்டுப் புதியதைச் சொருகினார். லைனைச் சோதிக்க என் காதில் வைத்திருந்த ரிசீவரில் டயல் டோன் அறுந்தது.

"வருதா, அண்ணாச்சி?" என்று டெக்னீஷியன் என்னிடம் கேட்டார்.

இல்லையென்று கையசைத்தேன். பிறகு வந்தது. டெக்னீஷியன் என்னிடமிருந்து ரிசீவரைப் பிடுங்கித் தன் வீட்டு எண்ணை அழுத்தினார்.

"மணி போகுதுல்லா?" என்றார் பொறியாளர்.

"போகுது மேடம். எடுக்கத்தான் ஆள் இல்ல."