ஒரே பலகையில் இரண்டு வரிசை

எழுபதுகளில் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எஸ்டேட்டின் எல்லா போன்களும் என் முன்னால் இருந்த சுவிட்ச்போர்டில்தான் வந்து சேரும். பலகையில் இரண்டு வரிசைத் துளைகள். மேலே துரைமார் பங்களாக்கள், கீழே பாக்டரியும் அதைச் சேர்ந்த கங்காணிகளும். வரிசைக்கு ஒரு அவசரப் பொத்தான். அழுத்தினால் அந்த வரிசையின் மணிகள் மட்டும் ஒன்றாக அடிக்கும். ஒரு வரிசைக்காரர் மற்ற வரிசையோடு பேச, தனியாகத் தொங்கிய சிவப்பு வயரை நான் செருக வேண்டும். துரைமார் பேச்சு பாக்டரியில் கேட்கக் கூடாது என்றுதான் இப்படி.

மூன்றாவது வாரம், மதியம். பாக்டரியைக் கவனிக்கும் டீமேக்கர் கூப்பிட்டார். இலை உருட்டும் மெஷினில் ஒருவரின் கை மாட்டிவிட்டதாம். நான் பாக்டரிப் பொத்தானை அழுத்தினேன். சற்று நேரத்தில் மறுபடி அவரே.

"கம்பவுண்டர் எங்கம்மா? மூணு மைல்ல இருந்து கங்காணி ஜீப்புல வந்துட்டாரு. செவத்துக்கு அந்தாண்ட மருந்தறையில இருக்கிற மனுசன் வரலியே."

மணியடித்திருக்கிறது, வந்துவிடுவார் என்று அங்கே எல்லாரும் காத்திருந்திருக்கிறார்கள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் போன் கெட்டுவிட்டதோ என்று துளையைத் தேடினேன். மேல் வரிசையில் இருந்தது. முன்பே பார்த்ததுதான், பாக்டரிக்குப் பக்கத்தில் இருப்பது பாக்டரியோடுதான் அடிக்கும் என்று மனசு எப்படியோ முடிவுகட்டியிருந்தது. அவரைக் கூப்பிட்டேன். இங்கே மணியே அடிக்கவில்லையே என்றபடி ஓடினார். கை பிழைத்தது. இரண்டு விரல் போய்விட்டது.

மறுநாள் லைன்மேன் வந்து பலகையின் பின்பக்கத்தைத் திறந்தார். பங்களா வயர், பாக்டரி வயர் எல்லாம் ஒரே கட்டாகப் பிணைந்து வந்தன. எப்படிப் பிரிகிறது என்று கேட்டேன்.

"போன் எங்க இருக்குங்கறது கணக்கே இல்லம்மா. இங்கன எந்தத் தகட்டுல மாட்டுறோமோ, அது அந்தக் கூட்டம். டாக்டர் பங்களாவுல இருக்காருன்னு மருந்தறை போனையும் அந்தத் தகட்டுல மாட்டிட்டாங்க."

ஒரு வயரைக் கழற்றிக் கீழ்த் தகட்டில் மாட்டினார். மருந்தறை ஓர் அடிகூட நகரவில்லை, ஆனால் பாக்டரிக்கு மாறிவிட்டது. அடுத்த வாரமே டாக்டர் கோபத்தோடு கூப்பிட்டார். இப்போது பங்களா மணி கம்பவுண்டருக்குக் கேட்கவில்லையாம். இரண்டு தகட்டிலும் மாட்டலாமே என்று லைன்மேனிடம் கேட்டேன். அப்படிச் செய்தால் இரண்டு வரிசையும் ஒன்றாகிவிடும் என்றார் லைன்மேன்.

விரல் போனவரைப் பார்க்க, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், சிவப்பு வயரைச் செருகி முதலிலேயே கம்பவுண்டரைச் சேர்த்துவிட்டிருக்கலாம் என்பதையும் மறைக்காமல். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப யாரு மேலம்மா தப்பு?"

வயரை மாட்டியவர் மேலா, பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு உட்கார்ந்திருந்த என் மேலா? தெரியலண்ணே என்றேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.