காதை மூடிய மல்லிகை

நேர்காணலுக்கு நான் போன அன்று அம்மா மீன் கூடையைத் தூக்கவில்லை. எனக்குத் தலை வாரிவிட வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான், கல்லூரியும் முடித்தேன். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை. அம்மா மறைக்க நினைத்தது என் காதை.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினும், எதிரே இருப்பவரின் உதடும் சேர்ந்தால் பேச்சில் பெரும்பகுதி பிடிபடும். போனில் உதடு கிடையாது. அதனால் போன் எனக்கு வெறும் இரைச்சல்.

வேலை கேட்கப் போகிற இடத்தில் இதைச் சொல்வதா, வேண்டாமா? கல்லூரியில் வேலைவாய்ப்பைக் கவனித்த சார், "முதல்ல ஆர்டரைக் கையில வாங்கும்மா. மத்ததெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதற்கு முன் இரண்டு இடங்களில் நான் உண்மையைச் சொன்னதும், அங்கிருந்து பதிலே வராததும் அவருக்குத் தெரியும். இது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் ஆன்லைன் பிரிவு. இதுவும் கை நழுவினால் அம்மாவோடு மந்தைவெளித் தெருக்களில் மீன் விற்க வேண்டியதுதான். அதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் அதற்காக நான் படிக்கவில்லை.

சாரின் யோசனையை அம்மா தன் வழியில் நிறைவேற்றினாள். முடியை இரண்டு பக்கமும் தளர்த்திக் காதின் மேல் இறக்கி, ஊசி குத்தி, அதற்கு மேல் மல்லிகைச் சரத்தைச் சுற்றிச் சுற்றி வைத்தாள்.

"இன்னாம்மா இது, கல்யாணப் பொண்ணு கணக்கா?"

"சும்மா குந்துடி. மெஷினு தெரிஞ்சா எவன் வேல குடுப்பான்? பூவு வச்ச பொண்ணு தலய எவனும் கலைச்சுப் பாக்க மாட்டான்."

"கனமா கீதும்மா."

"வேல கெடைக்கிற வரைக்கும் தூக்கு. அப்றம் கயட்டிப் போடு."

பஸ்ஸில் காதுக்குள் சரசரவென்று கேட்டது. பஸ்ஸின் சத்தம் என்று நினைத்தேன். கடையின் மூன்றாவது மாடியில், ஏசி போட்ட அமைதியான அறையில் உட்கார்ந்த பிறகும் அது நிற்கவில்லை. எதிரே திருநெல்வேலிப் பக்கத்து முதலாளியும், ஆன்லைன் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மருமகளும் இருந்தார்கள். அவர் ஏதோ கேட்டார். அடர்ந்த மீசை உதட்டை மூடியிருந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் யாரோ காகிதத்தைக் கசக்குவது போன்ற சத்தம்.

"ஆமாம் சார்" என்றேன்.

அவர் கேட்டது எந்த ஊர் என்று.

மருமகள் என்னைக் கூர்ந்து பார்த்தார். நான் மீசைக்கு அடியில் உதட்டைப் பிடிக்கத் தலையைச் சாய்த்தேன். உடனே முதலாளி குனிந்து மேசைக்கு அடியில் தேட ஆரம்பித்தார். அப்போது அவர்கள் பேசிக்கொண்டதை மருமகள் பிறகு எனக்குச் சொன்னார்.

"எங்கயோ கீச்சு கீச்சுங்குல்லா? எலி வந்துட்டோ? கீழ பூரா பட்டுச்சேலைலா கெடக்கு!"

"எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. உங்க போன்தான் கத்துதோ என்னமோ, பாருங்க."

அவர் தேடியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மெஷினை எதுவாவது நெருக்கி மூடினால் அது விசில் அடிக்கும். மற்றவர்களுக்குக் கேட்கும், எனக்குக் கேட்காது. சரசரப்பும் பூ உரசுவதால்தான்.

இன்னும் சில கேள்விகளுக்குத் தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். கேள்வியே புரியாத மக்கு என்று நினைத்திருப்பார்கள். காது கேட்காதவள் என்று நினைத்தால் நினைக்கட்டும். மக்கு என்று நினைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஊசிகளை உருவிப் பூவைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"சார், அந்தச் சத்தம் என் காது மெஷின்ல இருந்து வருது. பூ அழுத்திடுச்சு. எனக்குக் காது சரியா கேக்காது. என் முகத்தைப் பாத்து ஒருத்தர் ஒருத்தரா கேட்டா புரிஞ்சுக்குவேன். போன் மட்டும் எடுக்க முடியாது."

"மொதல்லயே சொல்லப்பிடாதா!" என்று அவர் கத்தினார்.

"கத்த வேணாம் சார். மெதுவா சொன்னாலே போதும். மீசைதான் கொஞ்சம் மறைக்குது."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் மீசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊரும்மா?" என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. "தீவாளி சமயத்துல போன் அடிச்சிக்கிட்டே கெடக்கும். அத எடுக்காத ஆள வச்சு என்ன செய்ய?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"அப்ப சாட்டும் நெறைய வரும் சார். ஒரே ஆள் ரெண்டையும் பாத்தா ரெண்டும் கெட்டுடும். சாட், மெயில் எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

மருமகள் தன் கணினியை என் பக்கம் திருப்பினார். சேலையின் நிறம் படத்தில் ஒன்று, கையில் ஒன்று என்று ஒரு வாடிக்கையாளர் திட்டியிருந்தார். பதில் எழுதினேன். மருமகள் இரண்டு இடத்தில் திருத்திவிட்டு அதையே அனுப்பினார். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

"மெஷினப் பாத்துட்டாங்களா?" வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் முதல் கேள்வி இதுதான்.

"நானே காட்டினேன்."

"அப்பால?"

"வேல குடுத்துட்டாங்க."

"நெசமாத்தான் சொல்றியா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஓடினாள்.

இப்போது நான் படித்த கல்லூரிக்கு அவ்வப்போது போய்ப் பேசுகிறேன். அங்கே உடலிலோ படிப்பிலோ ஏதோ ஒரு சிரமத்தோடு வேலை தேடப் போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது அதே கேள்விதான்: சொல்வதா, வேண்டாமா? எல்லாருக்கும் ஒரே பதிலை என்னால் சொல்ல முடிவதில்லை. சில இடங்களில் என்ன சொன்னாலும் எடுக்க மாட்டார்கள். ஆனால் முதல் இரண்டு இடங்களில் நான் "காது கேட்காது" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்; மீதியை அவர்களே கற்பனை செய்துகொண்டார்கள். குறையின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். உங்களுக்கு எது இருந்தால் வேலை நடக்கும் என்பதை மட்டும் போவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள் என்கிறேன்.

போன மாதம் ஒரு மாணவியைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். அவளுக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே நின்று, கண்ணை மூடி, மறுபடி தொடங்கினாள். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு... கொஞ்சம் நேரம் குடுங்க சார். பேசி முடிச்சிடுவேன்."

"இன்னொரு தடவ" என்றேன்.