கேட்காமல் வெட்டிய கொடி

எங்கள் அன்பியத்தில் தவக்காலத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற சிறு குழுவைத்தான் கோயிலில் அன்பியம் என்கிறோம். சிரமத்தில் இருக்கிற ஒரு வீட்டைத் தேர்ந்தெடுப்போம். அந்த வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, அவர்களுடைய பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடுவோம். முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள், அல்லது எல்லோருக்கும் டீ போட்டுக் களைத்துப் போவார்கள். ஒரு வருடம் ஓடு மாற்றினோம். இன்னொரு வருடம் மாட்டுக்கொட்டகையை எடுத்துக் கட்டினோம்.

இந்த வருடம் சின்னம்மாவின் திராட்சைத் தோட்டம். சொந்தச் சின்னம்மா இல்லை. எங்கள் தெருவில் கடைசி வீடு. போன மழைக்காலத்தில் கணவர் இறந்தபின் தோட்டத்தை அவர் ஒற்றை ஆளாகப் பார்த்து வந்தார். எனக்குத் தேனியில் சொட்டுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் வேலை. அதனால் முன்னதாகப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். வால்வு அடைத்திருந்தது. பந்தலில் இலை பழுத்துத் தொங்கியது. கீழே களை. முடியாமல் விட்டுவிட்டார் என்று மூன்றையும் சேர்த்து எழுதிக்கொண்டேன். அவர் கோயம்புத்தூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன சனிக்கிழமை, எல்லோரும் கத்தரியோடு இறங்கினோம். மாலைக்குள் தோட்டம் முழுக்கக் கவாத்து முடிந்தது. பழைய கொடியெல்லாம் போய்ப் பந்தல் வெறும் குச்சியாக நின்றது. வரும்போது நான்தான் வால்வைத் திறந்துவிட்டேன்.

திரும்பி வந்தவர், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கூச்சம் என்றார்கள். கணவர் ஞாபகம் என்றார் என் அம்மா. வரிசையாக எழுதினால் எனக்கு எதுவும் புரிந்துவிடும். இது எழுதியும் புரியவில்லை.

குச்சிகளில் துளிர் எட்டிப் பார்த்த சமயம், ஈஸ்டருக்கு முந்தி வரும் பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு ஆள் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவித் துடைப்பார். யார் யார் என்று முன்பே வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும். சின்னம்மா வீட்டுக்கும் போனேன். வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"சாமி கால் கழுவுறதுக்கே ஒரு வாரம் முந்தி ஆள் விட்டு, வர்றீகளான்னு கேக்குறாக. என் தோட்டத்த வெட்டுறதுக்கு ஒருத்தரும் கேக்கலையேத்தா."

பிறகுதான் விஷயம் வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் தோட்டத்தை உத்தமபாளையத்து பாய் ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவதாகப் பேசியிருந்தார். அன்பியத்தில் வருத்தப்படுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. கொடியைக் காயப்போடச் சொல்லி வால்வை அடைக்க வைத்ததே பாய்தான். அவருடைய சொந்தத் தோட்டத்தில் அப்போதுதான் கவாத்து முடிந்திருந்தது. இரண்டு தோட்டமும் ஒன்றாகப் பழுத்தால் ஆள் கிடைக்காது. அதனால் இதைப் பிந்தி வெட்ட நினைத்திருந்தார். இப்போது துளிர்த்துவிட்டதால், இந்த வெள்ளாமையை நீங்களே எடுத்துவிடுங்கள், அடுத்ததற்கு நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வெட்டிய கொடி பழுத்து இறங்க நாலு மாதம் ஆகும். மருந்தடிப்பும் கொடி கட்டுவதுமாக ஒரு நாள் விட முடியாது. மகளுக்கோ அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். மூத்த பிள்ளையைப் பார்க்கவும் அங்கே ஆள் இல்லை.

நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கிளம்புங்கள் என்றேன். தவறாக எதையும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

"பாத்துக்கிறோம்னு நீங்க சொன்னா, வேணாம்னு சொல்ல எனக்கு எங்கன வாய் இருக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் குழப்பியது.

உதவி செய்தது தப்பா? இல்லை. கேட்காமல் செய்ததுதான் தப்பு என்றால், இப்போது முன்கூட்டியே சொன்னேனே, அதுவும் ஏன் சரியாக இல்லை? அன்று ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னேன். நல்லது செய்தும் கெட்ட பேர் என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை சின்னம்மா வந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். துண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. அவர் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வந்ததும் என்னை நிறுத்தி, தான் முடிவு செய்ததைச் சொன்னார். மோட்டார் ரூம் சாவி எங்களிடம் இல்லை, பாயிடம். மேற்பார்வை அவர். அவர் சொல்கிற வேலையை அன்பியத்து ஆட்கள் செய்ய வேண்டும். பாயிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டாராம். "இப்ப நான் கேக்குறேன். முடியாதுன்னாலும் சொல்லிருங்க" என்றார்.

யாரும் முடியாது என்று சொல்லவில்லை. ஈஸ்டர் முடிந்த மறுநாள் அவர் கோயம்புத்தூர் பஸ் ஏறினார்.

லீவு நாட்களில் நானும் பந்தலுக்கடியில் நின்றேன். முதல் நாளே பாய் தவித்துப்போனார். நாங்கள் கட்டிய கட்டு இறுக்கமாக இருக்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே வந்து அவிழ்த்துக் கட்டுவார். குறை இருந்தால் சொல்லுங்கள் என்றேன்.

"கூலி ஆளுன்னா வஞ்சுபுடலாம் பாப்பா. நீங்க சாமி பேர்ல வந்தவுக. ஒங்கள எப்படி வைவேன்?"

சின்னம்மாவும் இதே இடத்தில்தான் மாட்டியிருந்தாரோ என்று அப்போது ஒரு கணம் தோன்றியது. முழுதாகப் பிடிபடவில்லை.

போன வாரம் பக்கத்துளிர் கிள்ளும்போது, விட வேண்டியதையும் சேர்த்து ஒரு வரிசை முழுக்கக் கிள்ளிவிட்டேன். பாய் பார்த்தார். பெருமூச்சு விட்டார். போனை எடுத்து யாரிடமோ மெதுவாகப் பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். சின்னம்மா.

அவர் என்னைத் திட்டிய திட்டில் பாதியை இங்கே எழுத முடியாது. தேனியில் படம் வரைகிற கண்ணு பந்தலுக்கு வந்ததும் எங்கே போச்சு என்று கேட்டார். பூ எது இலை எது என்று தெரியாதவளுக்கு எதற்குக் கத்தரி என்று கேட்டார். பின்னால் பச்சைப்பிள்ளை வீறிட்டு அழுதது. பிறந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன்.

"அது நேத்தே பொறந்துருச்சு, பொம்பளப் பிள்ள. நீ பேச்ச மாத்தாத" என்று தொடர்ந்தார்.

பாய் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சின்னம்மா மன்னித்துவிட்டாரா, அல்லது இப்போதுதான் கோபப்பட ஆரம்பித்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வரிசையைத் தொடலாமா என்று பாயிடம் கேட்டேன்.