தலைவர் புருஷனும் முந்நூற்றுப் பத்து அடியும்

எங்கள் ஊராட்சித் தலைவர் துர்காதேவி அத்தை. ஆனால் தலைவர் நாற்காலியில் உட்காருவது அவர் புருஷன் ராஜகுரு. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். எழுதிப் பார்த்தவர் யாரும் இல்லை. கல்யாண வீட்டில் சமையல்காரருக்கு உப்பு சொல்வார், எழவு வீட்டில் பந்தல்காரருக்குக் கயிறு சொல்வார். தெரியாது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வந்ததில்லை.

திருச்சுழிப் பக்கத்து ஊர். குடிக்க ஒரே ஒரு போர்வெல்தான். மோட்டார் முந்நூற்று இருபது அடியில் தொங்குகிறது.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வாரம் டேங்க் ஆபரேட்டர் இருளப்பசாமி போருக்குள் கயிறு விட்டு அளந்தார். தை மாதம் இருநூற்று எண்பது அடியில் கிடந்த தண்ணீர் இப்போது முந்நூற்றுப் பத்தில் கிடந்தது. டீக்கடையில் இதைக் கேட்டதும் ராஜகுருவுக்குக் குஷி.

"முப்பதடி கூடிருச்சுய்யா! பொங்கல் முடியுற வரைக்கும் ரெண்டு நேரமும் தண்ணி விடு."

"அண்ணாச்சி, கூடல. கீழ போயிருச்சு."

"ஏலே, முன்னூத்திப் பத்து பெருசா, எரநூத்தி எம்பது பெருசா?"

டீக்கடையே இருளப்பசாமியைப் பார்த்துச் சிரித்தது.

டேங்கில் தண்ணீரை அடியிலிருந்து மேலே எண்ணுகிறோம். அங்கே எண் கூடினால் தண்ணீர் கூடும். போரில் தரைதான் பூஜ்ஜியம், அங்கிருந்து கீழே எண்ணுகிறோம். எண் பெருகப் பெருகத் தண்ணீர் இறங்குகிறது. மைனஸ் பத்தைவிட மைனஸ் இருபது சிறியது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்.

"மாமா, மோட்டாருக்கு மேல பத்தடி தண்ணிதான் இருக்கு" என்றேன், குடத்தோடு அந்த வழியாகப் போன நான்.

"காலேஜுக்குப் போக வக்கில்ல, கணக்குச் சொல்ல வந்துட்டா. போ புள்ள."

கோயில் மைக்கில் அறிவிப்பும் செய்தார். தண்ணீரைக் கொண்டுவந்தவரே தாம்தான் என்பது போல. ஊர் அதை நம்பிப் பாய் தலையணை வரை துவைத்தது.

பொங்கலன்று காலை மோட்டார் காற்றை இழுத்துக் கருகியது. பானைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. குழாயடியில் வெறுங்குடங்கள் வரிசையாக நின்றன. பாளையம்பட்டி மெக்கானிக் வந்து பார்த்தார்.

"வேற மோட்டார் போட்டு, இன்னும் கீழ எறக்கணும்."

"தண்ணிதான் ஏறியிருக்கே, எதுக்கு எறக்கணும்?" என்றார் ராஜகுரு.

மெக்கானிக் இருளப்பசாமி பக்கம் திரும்பினார். "இவுக யாரு?"

"தலைவரு."

"தலைவரு பொம்பளைன்னாகளே?"

இந்த முறை சிரித்தது குழாயடி. வரிசையில் நின்ற துர்காதேவி அத்தை மட்டும் சிரிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தார். அந்த மைக்கை அவர் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை.

"போர்ல தண்ணி கீழ போயிருச்சு. மோட்டாரும் போச்சு. அருப்புக்கோட்டையில லாரிக்குச் சொல்றேன், வந்ததும் பொங்கல் வைங்க. இனிமே தண்ணி விடுறது, நிறுத்துறதெல்லாம் இருளப்பசாமி எங்கிட்டதான் கேக்கணும்."

பின்னாலேயே ஓடிவந்த ராஜகுரு மைக்குக்குக் கை நீட்டினார். அத்தை தரவில்லை.