விசிலுக்கு விழிக்காத பெட்டி

அலுவலகத்தில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். ஆயிரம் இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு சுருதியை மட்டும் பிடித்துக்கொடுக்கும் வடிகட்டி மின்சுற்றுகளை அமைப்பது அவர் வேலை. பட்டப்பெயரைக் கேலி என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஓர் உலோக ஆய்வாளரின் பெட்டி ராக்கெட்டில் போகவிருந்தது. எடையில்லாத வெளியில் கலவை உலோகத்தை உருக்கிப் பார்க்கும் சோதனை. ராக்கெட்டிலிருந்து பெட்டிக்கு ஒரு கம்பிகூடக் கிடையாது. புறப்படுவதற்குச் சற்று முன் எரிபொருள் பம்ப் போடும் விசிலைக் கேட்டு, பெட்டி தானாக விழித்துக்கொள்ள வேண்டும். லாரிக்கும் மின்விசிறிக்கும் ஆட்கள் பேச்சுக்கும் விழிக்கக் கூடாது.

பாம்புக்காது, வடிகட்டி உள்ளே விடும் சுருதிகளின் அகலத்தைக் குறைத்தார். போதாதென்று மேலும் குறைத்தார். கூட வேலை பார்த்த பெண் பொறியாளர் சொல்லிப் பார்த்தார்.

“சார், ஏவுதளத்துல குளிர் ஜாஸ்தி. கெப்பாசிட்டர் மதிப்பு மாறினா பிடிக்கிற சுருதியே நகர்ந்துடும். கொஞ்சம் அகலம் விடலாமே.”

“அகலமா வைக்க அது என்ன வாசக்கதவா?”

சோதனையைக் கதகதப்பான அறையில், தன் மேசையிலேயே நடத்தினார். சோதனை விசிலைச் சுற்றுக்குப் பிடித்த சுருதியாகப் பார்த்துத் திருகி வைத்துக்கொண்டதால், அது ஒவ்வொரு முறையும் சமர்த்தாக விழித்தது.

ராக்கெட் போனது, பெட்டி திரும்பி வந்தது. ஆய்வாளர் திறந்து பார்த்தார். உலோகத் துண்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. பதிவு நாடாவில் ஒன்றுமில்லை. விண்வெளிவரை போய்த் தூங்கிவிட்டு வந்திருந்தது பெட்டி.

“கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச வேலை,” என்றார் ஆய்வாளர்.

அன்று வீட்டில் மனைவி கேட்டாள்: “உங்க பெட்டி வேலை செஞ்சுதா?”

“ரொம்பக் கவனமா இருந்துச்சு.”

விசாரணைக் கூட்டத்திலும் அதே தெம்பு.

“தப்பான சத்தத்துக்கு ஒரு தடவைகூட முழிக்கல சார்.”

“சரியான சத்தத்துக்கு?” என்றார் தலைவர்.

“அதைத்தான் அடுத்த கட்டத்துல பார்க்கணும்.”

அடுத்த கட்டம் என்றால் கூட்டங்களுக்கு ஒரு தனி மயக்கம். அதற்கென்றே புதுப் பிரிவு தொடங்கி, பாம்புக்காதையே தலைவராக்கினார்கள். பெண் பொறியாளர் குளிருக்கு அசையாத கெப்பாசிட்டர்களைப் போட்டு, வேண்டிய அகலமும் விட்டு, புதுப்பெட்டியைச் செய்தார். அது விசிலைக் கேட்டது, விழித்தது, உலோகம் உருகியது.

பாராட்டு விழாவில் பாம்புக்காது மேடையேறித் தன் விடாமுயற்சியைப் பற்றி விரிவாகப் பேசினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் பொறியாளரிடம் உலோக ஆய்வாளர் வந்தார். உருகி இறுகிய ஒரு துண்டை அவர் கையில் வைத்து மூடினார்.

“இங்கேயே வாங்கிக்கங்க. மேடைக்குப் போனா கைமாறிடும்.”