ஷெரில் பிஎச்பிக்கு மாறியது

ஷெரிலுக்குப் பிஎச்பி என்றாலே இளக்காரம். சித்தப்பா மகன் டேரில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் மொழியில்தான் கடைகளுக்கு வெப்சைட் எழுதிப் பிழைக்கிறான். பார்க்கும்போதெல்லாம் அவனை வம்புக்கு இழுப்பாள். அவள் கற்றது பைத்தன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு சிப்புகளைச் சோதிக்கும் வேலை அவளுக்கு அலுத்துவிட்டது. அங்கேயே மாடி ஆபீசில் புரோகிராமர் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். பைத்தனில் சொந்தமாக ஒன்று செய்து காட்டினால் கிடைத்துவிடும் என்று நம்பினாள்.

செய்யவும் ஒன்று அகப்பட்டது. அவள் அப்பா பாக்கியசாமிக்கு டயாலிசிஸ். சுங்கை பினாங் வட்டாரத்து நோயாளிகளை மையத்துக்கு ஏற்றிப்போக, தேவாலயத்து ஆட்கள் முறைவைத்துக் கார் ஓட்டினார்கள். முறை பேசுவதெல்லாம் வாட்ஸாப்பில். ஒருநாள் அடுத்தவர் போவார் என்று ஆளாளுக்கு இருந்துவிட, அப்பா ஃபிளாட்டுக்குக் கீழே காத்திருந்துவிட்டு வீட்டுக்கு ஏறிவந்தார். மறுநாள் மூச்சுவாங்கி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஷெரில் ஆடிப்போனாள். எல்லாரையும் ஒரு டேட்டாபேஸில் போட்டு, இன்று யார் யாரை ஏற்றுவது என்று போனில் திறக்கிற பக்கத்தில் காட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தாள்.

பாதி முடிந்ததும் டேரிலிடம் பீற்றிக்கொண்டாள். அவன் பைத்தனைக் குறை சொல்லவில்லை.

"போன லாக்கர்ல வெச்சிட்டுத்தானக்கா உள்ள போற? ஷிஃப்ட் முடியிற வரைக்கும் ஒன்ன புடிக்க முடியாது. நடுவுல பேஜ் படுத்துக்கிச்சுன்னா யாரு பாக்கிறது? எனக்குப் பைத்தன் தெரியாது லா."

அவளுக்குச் சுருக்கென்றது. சில நாள் அவன் பக்கமே போகவில்லை. பிறகு எழுதியதை ஒதுக்கிவிட்டு, அவனிடமே பிஎச்பி கேட்டுக்கேட்டு முதலிலிருந்து எழுதினாள். மாடி வேலைக்குக் காட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று. வேறொருவர் சேர்ந்தார். அதில் அவளுக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால் போன் முழுக்க மெசேஜ். காலையிலேயே பக்கம் திறக்கவில்லை என்று ஓட்டுநர்கள் அலறியிருந்தார்கள். கடைசியில் டேரிலின் மெசேஜ், சரிசெய்துவிட்டதாக. அவளுக்கு அதை நம்பப் பயமாக இருந்தது. மோட்டார்சைக்கிளை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டயாலிசிஸுக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்டாள்.

"அந்த அர்ஜுனன் கார்லதான். ரேடியோவ என்னா சத்தமா வைக்கிறான்மா. அடுத்த வாட்டி வேற ஆளப் போடு."

அன்றைக்கு அவருக்கு இருந்த குறை அது ஒன்றுதான். ஷெரில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ரேடியோ அவ்வளவு பெரிய விஷயமில்லை என்று அவர் பதறிப்போய்ச் சமாதானம் சொன்னார்.