கடைசியாகச் சாப்பிட்டவர்

சென்ற ஆண்டு ஜூலை பதினெட்டாம் தேதி, காலை ஆறு மணி ஐம்பது நிமிடத்துக்கு, எங்கள் வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்தேன். நெசவுக்காகக் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியின் விளிம்பிலிருந்து சமையலறை வரை வலது காலின் சுவடு மட்டும் விட்டுவிட்டுப் பதிந்திருந்தது. கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் அதைத் தொடர்ந்து போனேன். அடுப்பின் முன்னால் அம்மா நின்று அப்பாவுக்குச் சாமைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்.

"கால்ல இன்னாம்மா?"

"கால்ல இன்னா?" என்று குனிந்து பார்த்தார். பாதத்தின் ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழே, கிழிந்திருந்தது. "மிதிபலகையில ஆணி தூக்கிக்கினு இருக்குது போல. வலிக்கவே இல்ல பாரு."

வலிக்காததில் அவருக்குச் சிறிது பெருமையும் இருந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டு, அப்பாவுக்குப் பொங்கலைப் போட்டுவிட்டு, மறுபடி குழிக்குள் காலை இறக்கினார். தறியில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. சோறு போடும் இடம் அது.

அடுத்த வாரம் அந்த விரல் கருத்தது. அப்பாதான் முதலில் மிரண்டார். வண்டியில் அம்மாவை நடுவில் உட்காரவைத்து மூவருமாக மருத்துவமனைக்குப் போனோம். காலை அழுத்திப் பார்த்த மருத்துவர், ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, "தெரியுதா? இங்க தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பட்டிழை அறுந்தால் விரல் நுனியிலேயே கண்டுபிடிக்கும் அம்மா, "எங்க தொடறீங்க?" என்று கேட்டார்.

"எத்தனை வருஷமா சுகர் இருக்கு?"

"எனக்கு இல்லைங்க. அவருக்குத்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நோயாளி என்றால் அது அப்பா. பல ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து வீடே அவருடைய உடம்பைச் சுற்றி நடந்தது. காலையில் வெந்தயம், பிறகு கேழ்வரகு அல்லது சாமை, மதியம் கீரை, கொள்ளு, இரண்டு காய். இனிப்பு வாசலைத் தாண்டி உள்ளே வராது. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால்கூடக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் தந்துவிடுவார். தெருவில் அவருக்குச் 'சாமை' என்றே பெயர். "சாமை வர்றாரு, பஜ்ஜிய மறைங்கடா" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவருடைய சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தது. மருத்துவர்கள் பாராட்டினார்கள். அவர் அந்தப் பாராட்டைத் தனக்கே வைத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. "எல்லாம் வூட்டுக்காரி கை" என்பார்.

அம்மாவின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் (ரத்தச் சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது) வந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் அதை மீண்டும் ஒருமுறை எடுக்கச் சொன்னார். அதே எண் வந்தது. புற நரம்புச் சிதைவு (கால் நரம்புகள் வலியை மூளைக்குச் சொல்லாமல் போவது) ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது என்றார். விரலை எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பிறகும் சர்க்கரை இறங்கவில்லையென்றால் புண் ஆறாது. ஆறாவிட்டால் அடுத்தது பாதம்.

"வீட்ல என்ன சமைப்பீங்க?" என்று அவர் கேட்டார்.

அம்மா ஒப்பித்தார். சாமை, கேழ்வரகு, கீரை, கொள்ளு, இரண்டு காய். மருத்துவர் என் பக்கம் திரும்பி, "சாப்பாடு நல்லாத்தானே இருக்கு" என்றார். அவர் குரலில் இருந்தது குழப்பம். எங்களுக்கும் அதே குழப்பம்தான். நல்ல உணவு சமைத்த வீட்டில் இது எப்படி நடந்தது?

சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் உணவியல் ஆலோசகர் வார்டுக்கு வந்தார். என்னைவிடச் சில வயதே மூத்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, சமைச்சதைச் சொல்லாதீங்க. உங்க வாய்க்குள்ள போனதைச் சொல்லுங்க. இங்க வர்றதுக்கு முந்தின நாள், எழுந்ததுல இருந்து."

அம்மா சிரித்தார். "என் வாய்க்கா? அது இன்னாத்துக்குமா உனக்கு?"

"சும்மா சொல்லுங்களேன்."

"எந்திரிச்சதும் டீ. ரெண்டு பொறை ரொட்டி. அப்புறம் தறியில உக்காந்தா நடுவுல ஒரு டீ, இன்னொரு டீ."

"சர்க்கரை போட்டா?"

"போடாம எப்டி? அதுல தானே பசி அடங்குது. பசின்னு எந்திரிச்சா நெசவு நின்னு பூடும்ல."

"காலைச் சாப்பாடு?"

"பழைய சோறு. ஊறுகா."

"சாமைப் பொங்கல் செஞ்சீங்களே?"

"அது அவருக்குமா."

"மதியம்?"

"சோறுதான். கொழம்பு இருந்தா ஊத்திக்குவேன்."

"காய்?"

"இவ டப்பாவுக்குக் கொஞ்சம் வெப்பேன். அவருக்கு வெப்பேன். மீந்தா எனக்கு."

"மிஞ்சுமா?"

அம்மா என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்பதுபோல. பிறகு, "அவருக்குக் காயின்னா உசுரு" என்றார்.

ஆலோசகர் எழுதுவதை நிறுத்தினார். "ராத்திரி?"

"மதியத்துச் சோறு இருக்கும். கொட்டவா முடியும்?"

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த அப்பா குறுக்கிட்டார். "ஒரே அடுப்புலதான்மா எல்லாருக்கும் ஆக்குறா." அவர் மனதார நம்பியதையே சொன்னார். அவர் எப்போதும் முதலில் சாப்பிட்டு எழுந்துவிடுவார். கடைசியாக அம்மா தட்டில் போட்டுக்கொள்ளும் நேரத்தில் அவர் தறியில் இருப்பார்.

"அப்பாவுக்கு மொதல்ல சொன்னப்பவே, வீட்ல எல்லாரும் இதையே சாப்பிடலாம்னு சொல்லியிருப்பாங்களே?" என்று ஆலோசகர் கேட்டார்.

"சொன்னாங்கமா," என்றார் அம்மா. "நோவு இல்லாதவங்களுக்கு எதுக்கு அது? மருந்தைப் போய் யாராச்சும் பங்கு போட்டுத் தின்னுவாங்களா?"

'உணவே மருந்து' என்ற தொடரை நான் ஆட்டோவின் முதுகில் பார்த்திருக்கிறேன், காலண்டரில் பார்த்திருக்கிறேன், அந்த வார்டின் சுவரிலேயே பார்த்தேன். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட தொடர். எங்கள் வீடு அதை எழுத்துக்கு எழுத்து நம்பியது. மருந்து என்பது சீட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும் உரியது. ஆகவே சாமையும் கீரையும் அப்பாவுக்கு உரியவை ஆயின. அவற்றைத் தொட்டால் அவருடைய பங்கு குறையும் என்று அம்மா கை வைக்கவில்லை. வெள்ளைச் சோறும் சர்க்கரைத் தேநீரும் ஆரோக்கியமானவரின் உணவு. அம்மா ஆரோக்கியமானவர். அவருடைய ரத்தத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இதே நிலையில் இருப்பவர்கள் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். அப்பாவின் சாப்பாட்டையே அம்மாவும் சாப்பிட்டிருந்தால் நோயே வந்திருக்காதா என்று மருத்துவரிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல மாட்டேன்," என்றார். "பரம்பரை இருக்கு, வயசு இருக்கு, நாள் முழுக்க உக்காந்தே செய்யற வேலை இருக்கு. தள்ளிப் போயிருக்கலாம். குறைவா இருந்திருக்கலாம். முன்னாடியே டெஸ்ட் பண்ணியிருந்தா விரல் இருந்திருக்கும்." சாமையிலும் மந்திரம் எதுவும் இல்லை என்றார் அவர், அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். தட்டில் பாதி காயும் கீரையும், ஒரு பங்கு பருப்பு, ஒரு பங்கு மட்டும் தானியம். இவ்வளவுதான் ரகசியம். இது நோய் வந்த பிறகு தொடங்கும் தண்டனை அல்ல, வராதவர்களும் சாப்பிட வேண்டிய சாப்பாடு. இதைக் கற்க எங்களுக்கு இரண்டு விரல்கள் செலவாயின.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்களில் அப்பாவின் அக்காவும் ஒருவர். ஒரு பாட்டிலில் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்திருந்தார். "வாயைக் கட்டணும்மா. எந்தம்பி கட்டல? கூடவே இருந்தும் உனக்கு வரலியே அந்த புத்தி" என்றார். பிறகு என்னிடம், "ஊசியெல்லாம் நிறுத்திடு. இதைக் கார்த்தால ஒரு டம்ளர் குடு."

"அத்தை, அம்மா வாயைக் கட்டித்தான் இருந்தாங்க," என்றேன்.

"பின்ன எப்டிடி வந்துது?"

பதில் சொல்ல நீண்ட நேரம் ஆகும் என்பதால் பாட்டிலை வாங்கி உள்ளே வைத்தேன்.

இன்சுலினை (சர்க்கரையை உடல் பயன்படுத்த உதவும் சுரப்பு, இங்கே ஊசி மருந்தாக) நான்தான் போட்டேன். காலையிலும் மாலையிலும், சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு. அந்த ஊசி காத்திருக்காது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அப்பா வீட்டிலேயே இருந்து நேரத்துக்குச் சாப்பிட்டதால் முதல் வாரங்களில் எதுவும் நடக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையலும் ஆகியிருந்தது. புண் ஓரங்களில் சிவந்து சதை பிடிக்கத் தொடங்கியது. பாதம் தப்பிவிடும் போலிருந்தது.

அம்மாவின் தறியில் பாதியில் நின்ற புடவையை அப்பா நெய்து முடித்தார். ஒருநாள் காலை அதைக் கொடுக்க முதலாளி கடைக்குப் போனார். அங்கே வெகுநேரம் காக்கவைத்துவிட்டார்கள். வழக்கமான நேரத்தில் நான் ஊசியைப் போட்டு, இட்லியையும் கீரையையும் அம்மாவின் முன் வைத்துவிட்டு, கட்டுத்துணி வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது.

திரும்பி வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்திருந்தார். ரவிக்கை முழுவதும் வியர்வை. கைகள் நடுங்கின. தட்டு மூடியபடி இருந்தது.

"அம்மா, சாப்டலியா?"

என்னைப் பார்த்தார், ஆனால் யாரையோ பார்ப்பதுபோல. நாக்கு குழறியது. "பாவு... இன்னும் காயல..." என்று தறிக்கு ஏற்றும் நூலைப் பற்றிப் பிதற்றினார். தாழ்சர்க்கரை (மூளைக்குப் போதிய சர்க்கரை எட்டாத நிலை) என்பது எனக்குப் புரிந்தது. டம்ளரில் சர்க்கரையைக் கொட்டிக் கரைத்து உதட்டில் வைத்தேன். வாயை இறுக்கிக்கொண்டார்.

"குடிம்மா."

"அப்பா... இன்னும் சாப்டல."

உயிர் போகும் நிலையிலும் ஓர் உடம்பு இதை நினைவில் வைத்திருக்கிறது. என் பெயர் அப்போது அவர் நினைவில் இல்லை. இது இருந்தது. "அப்பா சாப்ட்டாரு," என்று பொய் சொன்னேன். குடித்தார்.

(படிப்பவர்களுக்கு: நினைவும் விழுங்கும் திறனும் இருந்தால் மட்டுமே இப்படிக் கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சை அழையுங்கள்.)

அப்பா வந்தபோது அம்மாவுக்குத் தெளிந்திருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஏன் சாப்டல நீ?" என்று அப்பா கோபப்பட்டார்.

"நீங்க வரல."

"நான் வரலன்னா?"

அப்பா கேட்டது விளையாட்டுக்கு அல்ல. திருமணமான நாளிலிருந்து அவருக்காக ஒருவர் பசித்திருக்கிறார் என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் கைகழுவி வந்து உட்கார்ந்தார். அம்மா எழப் பார்த்தார், தட்டு எடுக்க.

இப்போது எங்கள் வீட்டில் நேரம் என்பது ஊசிக்கும் முதல் கவளத்துக்கும் இடையில் இருப்பது. கடிகாரம் காட்டும் மற்ற மணிகளுக்கு அவ்வளவு பொருள் இல்லை. என் உடம்பையும் நான் முன்போல் நம்புவதில்லை. குளித்த பிறகு பாதங்களின் அடியைத் திருப்பிப் பார்க்கிறேன். கல்லில் மிதித்து வலித்தால் ஒரு நிம்மதி வருகிறது. வலி என்பது வந்து சேரும் செய்தி. வராத செய்தியைப் பற்றித்தான் பயம். அம்மா மெலிந்திருக்கிறார். நடக்கும்போது உடம்பு இடப்பக்கமாகச் சாய்கிறது. இனித் தறிக்குழிக்குள் அந்தக் கால் இறங்காது. பாதம் மட்டும் தப்பிவிட்டது.

தாழ்சர்க்கரை வந்த அன்றைக்கு மறுநாள் காலை அப்பா வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். அம்மாவையும் எதிரில் உட்காரவைத்து ஊசியைப் போட்டேன். அரைமணி கழித்து இட்லியும் கீரையும் போட்டு அம்மாவின் முன் வைத்தேன். அப்பாவின் முன் எதுவும் வைக்கவில்லை.

"அவருக்குப் போடும்மா மொதல்ல."

"நீ சாப்ட்டு முடி."

"அவரு பாத்துக்கினு இருக்காருடி."

"பாக்கட்டும்."

அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். திருடித் தின்பவரைப் போல, முதுகை எங்களுக்குக் காட்டியபடி, வேகவேகமாகச் சாப்பிட்டார். சமையலறை வாசலை மறித்து நின்று, அவர் கடைசி விள்ளலை விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.